அஞ்சலை உட்கார்ந்த பந்தி

சாப்பாட்டுக் கூடத்துச் சிமெண்டுத் தரையில் வாழை இலைகள் விரிந்திருக்கின்றன. வெளியே மழை. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் ஏறவில்லை. ஓர் இலைக்கு முன்னால் அஞ்சலை நின்றுகொண்டிருக்கிறாள். நனைந்த முந்தானையைப் பிழிகிறாள். சொட்டு விழாமல் போன பிறகும் பிழிந்துகொண்டே இருக்கிறாள்.

“உக்காருங்கக்கா,” என்கிறான் என் வகுப்புத் தோழன் மெய்யப்பன். அவன் கையில் சோற்றுக் கூடை. “சோறு ஆறுது.”

அவள் உட்காரவில்லை. எங்கள் பள்ளி விடுதியைப் பெருக்கிக் கழுவுகிறவள் அவள். அந்தத் தரையைத் தினமும் குனிந்து துடைத்தவள். அதில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லி அதுவரை யாரும் அவளை அழைத்ததில்லை.

ஈப்போவில் நான் லத்தீன் படித்த காலத்தை நினைத்தால் முதலில் வருவது இந்தக் காட்சிதான். வினைச்சொற்கள் எல்லாம் போய்விட்டன. இது போகவில்லை.

இந்த நினைவுக் குறிப்புகளில் போன வாரம் ரயில் பயணங்களைப் பற்றி எழுதினேன். அதற்கு முன்னால் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. அவையெல்லாம் கையைப் பிடித்து இழுக்காமல் தானாக வந்தவை. இந்த அத்தியாயத்தை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எழுத உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது. கண்ணாடியைத் துடைக்கிறேன், டீ போட எழுந்து போகிறேன். இன்றைக்கு மழை பெய்கிறது, வெளியே போக முடியாது. எழுதிவிடுகிறேன்.

மதியத்துக்குப் பிறகு

பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அது இன்னும் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.

நான் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். அப்பா அங்கே கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். காலையில் ஆட்களின் பேர் கூப்பிடுவதும் அவர்தான். தோட்டத்துத் துரை ஒருநாள் பேச்சுவாக்கில், தங்கள் ஊரில் பெரிய இடத்துப் பிள்ளைகள் எல்லாம் லத்தீன் படிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அது போதும்.

“தொர வீட்டுப் பிள்ளைங்க படிக்கிறத நீயும் படி,” என்றார். என்ன பாஷை, யார் பேசுகிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மற்றப் பையன்கள் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, மதியச் சாப்பாடு வயிற்றில் கனக்கும் நேரத்தில், லத்தீன்காரர்களை மட்டும் திரும்ப உட்கார வைப்பார்கள். ஈய லம்பம் என்கிற ஈயச் சுரங்கங்களை நடத்தும் தவுக்கேமார், அதாவது சீன முதலாளிகள், சிலரின் மகன்கள், ஒரு யுரேஷியப் பையன், மெய்யப்பன், நான். சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் வெயில் அடித்து, அந்த வெள்ளை வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கண்ணில் குத்தும். தூரத்தில் ஈய லம்பத்தில் பம்பு ஓடுகிற சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே தூங்காமல் இருப்பதுதான் எங்களுக்கு முதல் பாடம்.

மிஸ்டர் ஹார்லன் எங்கள் லத்தீன் மாஸ்டர். முப்பது வயதுகூட இருக்காது. மலேரியா வந்து வந்து போய், அவர் முகம் பழைய காகிதத்தின் நிறத்துக்கு மாறியிருந்தது. கொய்னா சாப்பிட்டு அவருக்குக் காது இரைந்தது. நாங்கள் பதில் சொல்லும்போது உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொள்வார். தவறாகச் சொன்னாலும் பாதி நேரம் அவருக்குக் கேட்காது. திருத்தவும் அவருக்குத் தெம்பு இருக்காது. “அடுத்தது,” என்பார்.

ஒரே வானத்துக்கு இரண்டு பெயர்

எனக்கும் மெய்யப்பனுக்கும் லத்தீன் அவ்வளவு அந்நியமாக இல்லை. சீனப் பையன்கள், ஒரு பெயர்ச்சொல்லுக்கு எதற்கு இத்தனை வால் என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது வீட்டுச் சமாச்சாரம். ஐ, ஆல், கு என்று தமிழில் ஒட்டுகிற மாதிரிதான் அங்கேயும் ஒட்டியது. கூப்பிடுவதற்கென்று ஒரு தனி வேற்றுமை வந்தபோது மெய்யப்பன் பெஞ்சுக்கடியில் என் காலை மிதித்தான். “நம்ம விளி வேத்துமைடா!”

எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம், நான் கோயிலில் பூசைக்கு உதவி செய்தவன். அதனால் லத்தீன் என் காதுக்குப் பழக்கம். ஆனால் வானம் என்ற சொல்லைக் கோயிலில் ‘செலும்’ என்பார்கள். மிஸ்டர் ஹார்லன் ‘கைலும்’ என்றார். நான் கோயில் உச்சரிப்பில் சொன்னால் முகம் சுளிப்பார். வகுப்பு உச்சரிப்பில் ஜெபம் சொன்னால் சாமியார் முகம் சுளிப்பார்.

“ஒரே வானத்துக்கு எதுக்குடா ரெண்டு பேரு?” என்று மெய்யப்பனிடம் கேட்டேன்.

“ஒண்ணு உங்க சாமியாருக்கு, ஒண்ணு வெள்ளக்காரனுக்கு. நமக்குன்னு மூணாவது ஒண்ணு இருக்கும். தேடலாம்.”

அவன் அப்படித்தான் பேசுவான். செட்டிநாட்டுப் பையன். அவனுடைய சித்தப்பா ஈப்போ பழைய டவுனில் ஒரு வட்டிக்கடை நிறுவனத்துக்கு ஏஜெண்டாக இருந்தார். கிட்டங்கி என்று நாங்கள் சொல்கிற அந்தக் கடை வீட்டின் மாடியில், ஒரு பாயிலும் ஒரு தகரப் பெட்டியிலும் மெய்யப்பனின் குடித்தனம் முடிந்துவிடும். காலையில் கடைக்காரியம் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கு வருவான். லத்தீனில் அவன்தான் முதல். லண்டன் போய் பாரிஸ்டராக வேண்டும் என்பது அவன் எண்ணம். அதற்கு லத்தீன் வேண்டும்.

சித்தப்பாவை அவன் மடக்கிய விதத்தை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். “கேஸுன்னா வெள்ளக்கார வக்கீல்கிட்ட ஓடுறோம்ல? நானே வக்கீலாயிட்டா?” சித்தப்பா ஒருநாள் பூராவும் யோசித்துவிட்டுச் சரி என்றாராம்.

இரண்டாம் ஆண்டில் நாங்கள் வாக்கியங்களிலிருந்து பத்திகளுக்கு ஏறியிருந்தோம். ரோமாபுரிப் படை பாசறை அமைப்பது, பாலம் கட்டுவது, மறுநாள் விடியலில் நகர்வது. படை நகர்ந்துகொண்டே இருந்தது. எங்களுக்குத்தான் கால் வலித்தது.

டிசம்பர்ப் பாடம்

அந்த வருடக் கடைசியில் மிஸ்டர் ஹார்லன் இலக்கணத்தை மூடி வைத்துவிட்டு, ரோமாபுரி மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். கூரையின் நடுவே மழை விழத் திறப்பு விட்ட வீடுகள், பொதுக் குளியல் மண்டபங்கள், விடிந்ததும் பெரிய மனிதரின் வாசலில் காத்துக் கிடக்கும் ஆட்கள். அந்த நாட்களில் மட்டும் அவர் குரலில் உயிர் வரும். எங்களுக்கும் தூக்கம் வராது.

அப்படித்தான் ஒருநாள் சாட்டர்னாலியா என்ற பண்டிகையைப் பற்றிச் சொன்னார். டிசம்பர் மாதத்தில் வரும். பள்ளிக்கூடமும் கோர்ட்டும் மூடியிருக்கும். எஜமானர்கள் அடிமைகளை உட்கார வைத்துத் தாங்களே பரிமாறுவார்கள். அடிமை எஜமானரைப் பார்த்து மனத்தில் இருப்பதைச் சொல்லலாம், தண்டனை கிடையாது. விடுதலையானவன் போடுகிற தொப்பியை எல்லாரும் போட்டுக்கொள்வார்கள்.

மெய்யப்பன் எழுந்தான். “அது முடிஞ்ச மறுநாள் அந்த அடிமைக்கு என்ன ஆகும், சார்?”

மிஸ்டர் ஹார்லன் காதிலிருந்து கையை எடுத்தார். “புத்தகத்தில் அது இல்லை,” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. பருவம் முடியும் நாளில் நம் விடுதியிலும் சாட்டர்னாலியா கொண்டாடினால் என்ன? வேலைக்காரர்கள் உட்காரட்டும், லத்தீன் வகுப்பு பரிமாறட்டும்.

எங்களுக்கு ஒரே குஷி. பாலத்தையும் பாசறையையும் விட்டுவிட்டுக் காகிதத் தொப்பி செய்யத் தொடங்கினோம். சாப்பாட்டுக் கூடத்துக்குள் நடக்கிற காரியம்தானே என்று விடுதி வார்டன் தலையாட்டிவிட்டார்.

“மக்கான் வேணாம், போங்கலா”

உட்கார வேண்டியவர்கள் மூன்று பேர். சமையல்காரர் சவரிமுத்து அண்ணன், தண்ணீர் தூக்குகிற ஒரு கிழவர், அஞ்சலை.

சவரிமுத்து அண்ணன் காலையிலேயே கோழிக் குழம்பும் பருப்பும் பாயசமும் செய்து வைத்துவிட்டார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு முதல் இலையில் உட்கார்ந்தார். காகிதத் தொப்பியைக்கூடத் தலையில் வைத்துக்கொண்டார். கிழவர் அவருக்குப் பக்கத்தில். மூன்றாவது இலை காலியாக இருந்தது. மெய்யப்பன் மழையில் ஓடிப்போய், கிணற்றடியில் வாளி கழுவிக்கொண்டிருந்த அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு வந்தான். அப்போதுதான் சவரிமுத்து அண்ணனுக்கு அந்த இலை யாருக்கு என்று புரிந்தது.

“இவகூட ஒரே பந்தியிலயா?” அவர் எழுந்துவிட்டார். “எனக்கு மக்கான் வேணாம், போங்கலா.” அந்த ஊர்ப் பேச்சில் மக்கான் என்றால் சாப்பாடு.

அவரும் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு முன்வரிசையில் முழந்தாளிடுகிறவர். அஞ்சலை என்ன சாதி என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

மிஸ்டர் ஹார்லனுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று கேட்டார். மெய்யப்பன் ஒளிக்காமல் சொன்னான். மிஸ்டர் ஹார்லனின் மஞ்சள் முகம் சிவந்தது. அப்படியானால் அவர் நிற்கட்டும், அந்தப் பெண் உட்காரட்டும் என்றார்.

“எனக்கு வேணாம் சின்னய்யா,” என்றாள் அஞ்சலை. “ஒரு இலையில கட்டிக் குடுங்க. நான் என் ரூமுல போயித் தின்னுக்கிறேன்.”

அவள் என்ன சொல்கிறாள் என்றார் மிஸ்டர் ஹார்லன். சொன்னோம். அவர் தலையை ஆட்டினார். “இல்லை. இங்கே. இன்றைக்கு அவள்தான் விருந்தாளி. உட்காரச் சொல்.”

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் துரை சொன்ன தொனியில் அது உத்தரவாகத்தான் அவளுக்குக் கேட்டது. கேட்டு முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். அதுவரை நாங்கள் அவளை ‘அஞ்சலே’ என்றுதான் கூப்பிடுவோம். மெய்யப்பன் முதல் தடவையாக ‘அக்கா’ என்றான்.

“உக்காருங்கக்கா. சோறு ஆறுது.”

அவள் உட்கார்ந்தாள். கிழவர் தன் இலையை மெதுவாக ஒரு முழம் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை, சாப்பிட்டார். சவரிமுத்து அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கசக்கி அடுப்பில் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

மெய்யப்பன் சோறு போட்டான். நான் குழம்பு ஊற்றினேன். ஒரு தவுக்கேயின் மகன் தண்ணீர் ஊற்றினான். அவன் வீட்டில் அவனுக்குச் செருப்பு மாட்டிவிடவே ஆள் உண்டு. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

முதல் கவளத்தை அஞ்சலை வாயில் வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதன் பிறகு பசி வந்துவிட்டது. தலையைத் தூக்காமல் சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டாள். “கொளம்ப அடியிலேர்ந்து அள்ளி ஊத்துங்க,” என்று என்னிடம் சொன்னாள். எல்லாரும் சிரித்தோம். அவளும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அந்த ஒரு நொடி எல்லாம் நன்றாகவே நடப்பதாக நினைத்தேன்.

பாயசம் வந்தது. மிஸ்டர் ஹார்லன், இன்று அவள் எஜமானர்களை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அதை அவளிடம் சொல்லுங்கள் என்றார்.

“அக்கா, இன்னைக்கு நீங்க எங்கள எதுவும் கேக்கலாம். திட்டுறதுன்னாலும் திட்டலாம்,” என்றான் மெய்யப்பன்.

“எதுக்குத் திட்டணும்?”

“அது ஒரு வழக்கம். சும்மா சொல்லுங்க.”

அவள் யோசித்தாள். மழை கொஞ்சம் விட்டிருந்தது.

“மாடியிலேர்ந்து எச்சித் தண்ணிய ஊத்துறப்ப கீழ ஆள் இருக்கான்னு பாத்துட்டு ஊத்துங்க,” என்றாள். “ஒருநா மழன்னு நெனச்சு அண்ணாந்து பாத்துட்டேன்.”

எங்களில் பாதிப்பேர் மாடி விடுதிக்காரர்கள். மிஸ்டர் ஹார்லன் கையைக் காதுக்குப் பின்னால் குவித்தபடி எங்களைப் பார்த்தார். மெய்யப்பன் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் அவர் கை மெல்லக் கீழே இறங்கியது.

அஞ்சலை பாயசத்தை மீதி வைக்காமல் குடித்தாள். தன் இலையை எடுத்தாள். பழக்க தோஷத்தில் கிழவரின் இலையையும் எடுத்தாள். தடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

வார்டன் அறை வாசலில்

மறுநாள் நான் விடுமுறைக்குப் போக டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். மிஸ்டர் ஹார்லன் காலை ரயிலிலேயே பினாங்கு மலைக்கு ஓய்வெடுக்கப் போய்விட்டார். உடம்பு தேற டாக்டர் அனுப்பியிருந்தார்.

அஞ்சலை ஒரு துணி மூட்டையோடு வெளிவாசலில் நின்றிருந்தாள்.

“எங்க போற?” என்றேன்.

“என்னைய வேணாம்னுட்டாங்க சின்னய்யா. சமையக்காரரு, ஒண்ணு அவ இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும்னு சொல்லிட்டாராம். வார்டன் தொரகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்றீங்களா? நான் கேக்கலன்னு சொல்லுங்க. உக்காரணும்னு நான் கேக்கவே இல்ல.”

அவளும் பீடோர் பக்கம்தான். வேறு தோட்டம். புருஷன் காய்ச்சலில் செத்ததும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஈப்போவுக்கு வந்து, விடுதிக்குப் பின்னால் விறகுக் கொட்டகையை ஒட்டியிருந்த சின்ன அறையில் இருந்தாள். வேலை போனால் அறையும் போயிற்று.

மெய்யப்பன் என்னை வழியனுப்ப வந்திருந்தான். இருவரும் வார்டனிடம் போனோம். அவர் மேசையில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வருகிறவர்களுக்கான அட்டைகள். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பெருக்குகிற ஆள் நாளைக்கே கிடைப்பாள், விருந்துக்கு நான்கு நாள் இருக்கும்போது சமையல்காரர் கிடைக்க மாட்டார் என்றார். ஹார்லன் தன்னிடம் விவரமாகக் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அவ்வளவுதான்.

வெளியே வந்தோம். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவள் மூட்டையைத் தூக்கிவிட்டாள்.

“சரி, வாரேன்,” என்றாள். மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது.

பிரட்டுக்குப் போகும் அப்பா

தோட்டத்தில் காலை ஆள்கணக்கு எடுப்பதைப் பிரட்டு என்பார்கள். இருட்டோடு தொழிலாளர்கள் வரிசையாக நிற்பார்கள். அப்பா அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். வந்தவர் குரல் கொடுப்பார். முடித்துவிட்டு வீடு திரும்பி, பூட்ஸைக் கழற்றியதும் காலில் ஒட்டியிருக்கும் அட்டைகளைப் பிடுங்கி எறிய வேண்டும். காலில் ரத்தம் வழியும்.

அந்த நேரத்தில்தான் நானே விஷயத்தைச் சொன்னேன். வேறு யார் வாயிலாவது அவர் கேட்டுவிடக் கூடாது என்ற பயம். எங்கள் வீட்டிலும் இந்தச் சாதி வேற்றுமை உண்டு. கோயிலில்கூட எங்கள் பெஞ்சு தனி.

அப்பா அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “நீயும் பரிமாறினியா?”

“ஆமாப்பா.”

“சமையக்காரன் போயிட்டானா?”

“இல்ல. அந்தப் பொம்பளைய அனுப்பிட்டாங்க.”

அடி விழும் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“உங்க மாஸ்டரு ஒருநாள் பண்ணிட்டு லீவுல போயிட்டாரு. நான் நாளைக்குக் காலையில திருப்பி எந்திரிச்சு இந்தச் சனங்க பேரக் கூப்பிடணும்,” என்றார். “நீ பரீட்சையப் பாரு.”

அவர் யார் பக்கம் பேசினார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. இன்றும் விளங்கவில்லை.

கிட்டங்கியில் ஒரு லத்தீன் வாக்கியம்

பள்ளி மறுபடி திறந்தபோது மெய்யப்பனின் இடம் காலியாக இருந்தது. ஒரு வாரமாயிற்று. சவரிமுத்து அண்ணன் காய்கறி வாங்கப் போன பாசாரில் சொல்லி, அதைக் கிட்டங்கிச் சமையல்காரர் கேட்டு, சித்தப்பாவின் காதுக்குப் போயிருந்தது. செட்டியார் வீட்டுப் பிள்ளை யாருக்குச் சோறு போட்டான் என்பது பழைய டவுன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மிஸ்டர் ஹார்லன் மலையிலிருந்து கொஞ்சம் சதை போட்டுத் திரும்பியிருந்தார். நடந்தது எல்லாவற்றையும் என்னைத்தான் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அஞ்சலை எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். பிறகு, “அவனுடைய சித்தப்பாவைப் பார்க்க வேண்டும், நீ வந்து மொழிபெயர்,” என்றார்.

அன்று மாலையே போனோம். குறுகலான நீளக் கடை. இரண்டு பக்கமும் பாயும் சாய்வு மேசையுமாகக் கணக்கர்கள். ஊதுபத்தி வாசனை. சித்தப்பா எழுந்து வந்து மாஸ்டருக்கு ஒரு நாற்காலி வரவழைத்துப் போட்டார். எதிரே தான் பாயில் உட்கார்ந்தார். மரியாதையில் குறை வைக்கவில்லை. மெய்யப்பனே எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தான். வேட்டி கட்டியிருந்தான், நெற்றியில் விபூதி. கொடுத்துவிட்டுத் தூணோரம் நின்றான்.

மிஸ்டர் ஹார்லன் தன் யோசனைதான் அது, பையன் மேல் குற்றமில்லை என்றார். இவ்வளவு கெட்டிக்கார மாணவன் தனக்கு இதுவரை கிடைத்ததில்லை என்றார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

“தொர பெரிய மனசு பண்ணி வந்திருக்காக,” என்றார் சித்தப்பா. “நான் தப்பா நெனைக்கல. ஆனா இது அவுகளுக்கு விளையாட்டு. எங்களுக்குக் கோயில் இருக்கு, பங்காளி இருக்கான். நாளைக்கு இவனுக்கு ஒரு வீட்டுல பொண்ணு கேக்கணும். அண்ணன் ஊர்லேர்ந்து, பையனக் கப்பல் ஏத்துன்னு சொல்லிட்டாக. நான் என்ன செய்ய?”

மொழிபெயர்த்தேன். மிஸ்டர் ஹார்லன் ஒரு வருடம், ஒரே ஒரு வருடம் விடுங்கள் என்றார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். “ஏந்தம்பி, இந்தப் பாஷைய எந்த ஊர்ல பேசுறாக?”

“இப்ப எங்கயும் பேசுறதில்லீங்க.”

“எங்கயுமே இல்லையா?”

“கோயில்ல சாமியாரு சொல்லுவாரு. அவ்வளவுதான்.”

அவர் தலையை அசைத்துக்கொண்டார். கேலியாக அல்ல. களைப்பாக. அப்போது தூணோரத்திலிருந்து மெய்யப்பன் பேசினான். வகுப்பில் பதில் சொல்கிற அதே குரல்.

“மாகிஸ்டெர், டிஸ்கெரெ வோலோ.”

முதலாண்டுப் பையன்கூடச் சொல்லக்கூடிய சின்ன வாக்கியம். ஐயா, நான் படிக்க விரும்புகிறேன். கணக்கர்கள் தலை தூக்கினார்கள். மிஸ்டர் ஹார்லனின் கை காதுக்குப் போகவில்லை, அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

“என்ன சொல்றான்?” என்றார் சித்தப்பா.

“படிக்கணும்கிறான்.”

அவர் மெய்யப்பன் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“இத எங்கிட்டத் தமிழ்ல சொல்லக்கூடாதாப்பா?” என்றார்.

மெய்யப்பன் குனிந்து காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அந்த மாதமே பினாங்கில் கப்பல் ஏறினான். கல்யாணம் நடந்தது. பர்மாவில் கடை பார்க்கிறான் என்று ஒருமுறை கேள்விப்பட்டேன். அதற்கு மேல் தெரியாது. அன்று மாஸ்டரும் நானும் கிட்டங்கியிலிருந்து விடுதி வரை நடந்தது நினைவிருக்கிறது. வழியில் அவர் ஒரு தடவை நின்றார், ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பூட்ஸுக்குள் போன கல்லைத் தட்டிவிட்டு நடந்தார். மறுநாள் வகுப்பில் பாசறைப் பத்தியிலிருந்து தொடர்ந்தார். அதற்குப் பிறகு ரோமாபுரி மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எங்களுக்கு அவர் சொன்னதே இல்லை.

சிலிபின் சாலை

அந்த வருடப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு, சிலிபினில் இருந்த எங்கள் உறவினர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஓரமெல்லாம் கருங்கல் குவியல். தமிழ்ப் பெண்கள் வரிசையாகக் குந்திச் சுத்தியலால் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். தார் காய்ச்சுகிற புகையில் கண் எரிந்தது.

“தம்பி, விடுதித் தம்பிதானே?”

கல் தூசியில் புருவம்கூட வெளுத்திருந்தது. குரலை வைத்துத்தான் அஞ்சலையை அடையாளம் கண்டேன். சுத்தியல் பிடித்த விரல்களில் துணி சுற்றியிருந்தாள்.

சவரிமுத்து அண்ணன் அந்த வருட நடுவிலேயே விடுதியை விட்டுவிட்டு, ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் மீன் வியாபாரம் செய்யும் மச்சானோடு சேர்ந்துகொண்டிருந்தார். அதைச் சொன்னேன். இப்போது இடைஞ்சல் இல்லை, நான் வார்டனிடம் பேசிப் பார்க்கிறேன், மறுபடி அந்த வேலைக்கே வரலாம் என்றேன். நிஜமாகவே அவர் சரி என்பார் என்று நம்பினேன். அண்ணன் போன நாளிலிருந்தே இதைச் சொல்ல அவள் எங்காவது கிடைக்க மாட்டாளா என்று இருந்தது.

அவள் கேட்டுக்கொண்டே உடைத்த கல்லைக் கூடையில் அள்ளினாள்.

“வேணாம் தம்பி,” என்றாள். “இங்க சாயங்காலம் வரைக்கும் கல்லு. அப்பறம் வீடு. யாரும் கூப்பிட்டு உக்கார வைக்க மாட்டாங்க.”

மேஸ்திரி தூரத்திலிருந்து கத்தினான். அவள் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

“ஒரு கை குடுங்க,” என்றாள்.

புத்தகங்களை மண்ணில் வைத்துவிட்டுக் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். நான் நினைத்ததைவிடக் கனம். முதல் தடவை தூக்க முடியவில்லை. இரண்டாம் தடவை இருவருமாகத் தூக்கி அவள் தலையில் வைத்தோம். கழுத்தை நேராக்கிக்கொண்டு, தார் கொதிக்கிற பக்கமாக அவள் நடந்து போனாள்.